போல்ட் கழலாத பேனல்

“ஏட்டி, நல்லா பாரு. ஒரு போல்ட்டாவது கழண்டிருக்கா?”

“நான் போல்ட்டைக் குறை சொல்லவே இல்லையே.”

மாடியில் பக்கத்து வீட்டு பென்னியும் அவன் மனைவி ஜெனியும் சண்டை போட்டார்கள். சோலார் பேனலை ஆள் வைக்காமல் பென்னியே மாட்டியிருந்தான். காற்றுக்கு அது தாங்காவிட்டால் இனி ஸ்பானரையே தொடக்கூடாது என்பது ஜெனி போட்ட கண்டிஷன். நேற்று குற்றாலத்துச் சாரலோடு பேய்க்காற்று அடித்தது.

டீயோடு மாடி ஏறினேன்.

“அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. கண்ணாடில ஒரு கீறல் உண்டா?”

தடவிப் பார்த்தேன். “இல்லடே. இரும்பு மாதிரி நிக்கு.”

“கேட்டியா? நான் ஜெயிச்சிட்டேன்.”

ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேனல் தகரத்தை விடல, சரி. தகரம் நம்ம வீட்டை விட்டுட்டுல்லா? இது அண்ணாச்சி வீட்டு மாடி.”

ஆமாம், அவர்கள் கார் ஷெட்டின் தகரக்கூரை பேனலோடு பறந்து வந்து, எங்கள் மாடிக் கைப்பிடிச்சுவர்மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கவே கூடாது என்கிறாள் என் மனைவி மூக்கம்மாள். அடியில் துணி நனையாமல் காய்கிறதாம்.

ஸ்பானரை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பென்னி ஜெயித்தானா, தோற்றானா? யாரிடம் கொடுக்கட்டும் என்று தயவுசெய்து பதில் போடுங்கள்.