லாந்தர்காரி

"என்ன மட்டும் தூக்கிடாதீங்க மாஸ்டர். ஓரமா நின்னுக்கறேன். மொகங்கூட தெரிய வேணாம்."

ஜோதிகா கையெடுத்துக் கும்பிட்டாள். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு மேடை ஆசை இவ்வளவு ஆகாது என்று பிராங்கிளின் மாஸ்டருக்குத் தோன்றியது.

"பாட்டு நாடகம்னா மேடையில நிக்கறவன் ஒண்ணு பாடணும், இல்ல ஆடணும், ஒரு வசனமாச்சும் பேசணும். நீ இன்னா பண்ற? லாந்தரத் தூக்கிகினு நிக்கற. உன்ன எடுத்துட்டா கதைக்கு இன்னா கொறஞ்சிடும், சொல்லு?"

"கடலுக்குப் போனவனுக்குக் கரையில ஒரு வெளக்கு வேணாமா மாஸ்டர்?"

"அதுக்குத்தான் ஃபோகஸ் லைட்டு போட்டுக்கீது. போ, போயி ஜனத்தோட குந்து."

நெட்டுக்குப்பம் திருவிழா நாடகம் தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. மாஸ்டர் கீபோர்டைத் துடைக்கப் போய்விட்டார். ஜோதிகா நகரவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த நிமிஷம் அது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிக்குப் போய்விடும்.

நாடகத்தில் ஹீரோ அவள் அண்ணன் ரகுபதி. துறைமுகத்தில் பழுதுக்கு வருகிற கப்பல்களில் துரு தட்டுகிற வேலை. இரும்புத் தகட்டில் சுத்தியல் விழுந்து விழுந்து, ஆறு வருஷத்தில் அவன் காது இரண்டும் போய்விட்டன. வீட்டைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருக்கிறான்.

கிரேன் விசில் கேட்காதவனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். போன மாசம் ஒருத்தனை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாளே மேஸ்திரி லியாகத் அலி ரகுபதியைக் கூப்பிட்டு, "நீ நல்லா பாடுவியாமே, திருவிழாவுக்கு வரேன்" என்றார். சோதிக்கத்தான் வருகிறார் என்று அம்மா அன்றைக்கே அழ ஆரம்பித்துவிட்டாள். வருஷா வருஷம் பாடுகிறவன் இந்த வருஷம் மட்டும் முடியாது என்றால், ஏன் என்று கேட்பார்களே.

சுருதி அவன் தொண்டையிலேயே ஊறிக் கிடந்தது. எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதற்குத்தான் லாந்தர். அவள் தூக்கினால் பாட வேண்டும், தாளத்துக்கு ஆட்டுவாள், இறக்கினால் நிறுத்த வேண்டும். ஒரு மாசம் மொட்டைமாடியில் இருவரும் பழகியிருந்தார்கள்.

மைக் செட்காரர் எதையோ திருக, ஸ்பீக்கர் வீலென்று அலறியது. ஊரே காதைப் பொத்தியது. கண்ணாடி முன்னால் மீசை ஒட்டிக்கொண்டிருந்த ரகுபதியின் கை மட்டும் அசையவில்லை.

"பாரு, நடிகன்னா இவன்" என்றார் மாஸ்டர்.

ஜோதிகா திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் மேஸ்திரி அலட்டிக்கொள்ளாமல் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கல்லு மாதிரி மனுஷன். இவரிடம் மாட்டினால் அவ்வளவுதான்.

நாடகம் தொடங்கி, அந்தப் பாட்டும் வந்தது. மாஸ்டர் கீபோர்டில் ஆரம்ப இசையை வாசித்து முடித்தார். ரகுபதி வாயைத் திறக்கவில்லை. மேடை ஓரத்தில் லாந்தர் இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இடம் காலியாக இருந்தது.

மாஸ்டர் மறுபடி வாசித்தார். மறுபடியும் அப்படியே நின்றான்.

"இன்னா ஹீரோ, வாயில முள்ளு மாட்டிகிச்சா?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. மேஸ்திரி டீயைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

ஜோதிகா லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாவாடை தடுக்கி விழப் பார்த்தாள். மாஸ்டர் பல்லைக் கடித்தார். மூன்றாவது முறை இசை முடிகிற இடத்தில் அவள் கை உயர்ந்தது.

ரகுபதி பாடினான். இம்மி பிசகவில்லை. லாந்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, சிரித்த கூட்டம் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. மேஸ்திரி பக்கத்து ஆட்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தட்டினார்.

நாடகம் முடிந்து திரை விழுந்தது. "உன்ன யாருடி மேடைக்கு வரச் சொன்னது?" என்று பாய்ந்து வந்த மாஸ்டர், பின்னால் மேஸ்திரி வருவதைப் பார்த்ததும் ஒதுங்கிப் போனார்.

"ரகுபதி!"

முதுகைக் காட்டி நின்று தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டிருந்த ரகுபதி திரும்பவில்லை.

"டேய், ரகுபதி!"

எல்லாம் முடிந்தது. ஜோதிகா குறுக்கே வந்து நின்றாள். தலை தானாகக் குனிந்தது. "அண்ணனுக்கு... சளி பாய்... காது அடச்சிகினு கீது..." என்று முனகினாள்.

"தலையத் தூக்கிச் சொல்லும்மா."

தூக்கினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "வேலய விட்டு மட்டும் தூக்கிடாதீங்க பாய்."

மேஸ்திரி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்த லாந்தரை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"முப்பது வருசம் துரு தட்டுன காதும்மா இது. உன் லாந்தரப் பாத்துதான் நானும் பாட்டு கேட்டேன்."