குழலுக்கு முன்னால்

வானொலி நிலையத்தில், வந்த பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் சிறிய அறை. போன மாதம் இறந்துபோன புல்லாங்குழல்காரரின் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்த பென் டிரைவைப் பொறியாளர் செருகியதும், எடுத்த எடுப்பிலேயே குழல் ஒலிக்கிறது. "அடடா, சுத்தமா இருக்கேம்மா! முன்னாடி பேச்சு, இருமல் ஒண்ணுமே இல்ல." அவள் முகத்தில் சின்னப் பெருமை. "பாட்டத் தவிர வேற சத்தமே இருக்கக் கூடாதுன்னு உங்க விதியில போட்டிருந்துச்சே. 'ஏய், ஃபேன நிறுத்து, காத்து கேக்குது'ன்னு என்ன அதட்டிட்டுத்தான் வாசிக்கவே ஆரம்பிச்சார். நானே உக்காந்து அத வெட்டிட்டேன்." "அத நாங்களே வெட்டிக்குவோமேம்மா. வெட்டாதது வீட்ல பத்திரமா இருக்குல்ல?" அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். "அது மேலயே சேவ் பண்ணிட்டேங்க." பொறியாளரின் கை ஒலிக்குமிழின் மேல் அப்படியே நிற்கிறது. சன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. குழல் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் மேலே மேலே ஏறிப் போகிறது. மூலையில் மேசை விசிறி கடகடவென்று இரைந்தபடி தலையாட்டுகிறது. யாரும் சொல்லவில்லை. அவளே எழுந்துபோய் அதை நிறுத்துகிறாள்.