இரண்டாவது பாட்டில்

டொலுவீன் தொண்ணூற்றொன்பது சதவீதம். அசிட்டோன் ஒரு சதவீதம்.

அவன் அறிக்கையில் அந்த இரண்டாவது பெயரை மறுபடியும் படித்தான்.

கிளியரிங் ஏஜெண்டின் ஆள் அவன். பதினொரு வருடமாகத் தூத்துக்குடி சுங்க அலுவலகத்தில் ஊரார் சரக்குக்கு வழி வாங்கிக் கொடுக்கிறவன். சோதனைக்கூடத்து அறிக்கைகள் அவனுக்குப் புதிதல்ல.

பக்கத்து நாற்காலியில் தவமணி அண்ணாச்சி. சிவகாசியில் அச்சு மை தயாரிக்கிறவர். மையை இளக்க டொலுவீன் வேண்டும். இத்தனை நாள் மும்பை வியாபாரியிடம் வாங்கினார். இந்த முறைதான் துணிந்து கொரியாவிலிருந்து நேரே எண்பது பீப்பாய் இறக்கியிருக்கிறார்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மா.

“தனிச் சரக்குன்னா ஒரு வரித் தலைப்பு. கலவைன்னா வேற தலைப்பு. நீங்க டொலுவீன்னு மட்டும் எழுதியிருக்கீங்க” என்றார். “டொலுவீன் தயாரிக்கும்போது அசிட்டோன் தானா வராது. யாராவது சேர்த்தாத்தான் உண்டு.”

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

கலவையைத் தனிச் சரக்கென்று சொல்லி இறக்கினால் அது பொய். பொய்க்கு அபராதம் உண்டு, பறிமுதலும் உண்டு. போதாததற்கு அண்ணாச்சியின் பெயர் கணினியில் ஏறிவிடும். அப்புறம் அவர் பச்சைத்தண்ணீரை இறக்கினாலும் சோதனைதான்.

யாராவது சேர்த்தால்தான் உண்டு.

யார் என்று அவனுக்குத் தெரியும்.

மாதிரி எடுக்கும் பாட்டிலை ஏஜெண்டின் ஆள் கொண்டுபோவது வழக்கம். கடையில் வாங்கியபடியே கொண்டுபோக வேண்டும். கழுவக்கூடாது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கொண்டுபோன பாட்டிலில் தூசி மிதந்தது. “குப்பையில பொறுக்கினியா?” என்று ஓர் அதிகாரி பத்துப் பேர் முன்னால் கேட்டார்.

அன்றிலிருந்து கழுவுகிறான். முதலில் தண்ணீர். பிறகு அசிட்டோன்; நகச்சாயம் அழிப்பார்களே, அதே திரவம். ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் ஆவியாகிப் போய்விடும். பாட்டில் பளிச்சென்று இருக்கும்.

யாரிடமும் சொன்னதில்லை. அவன் பாட்டிலைப் பார், அவன் பாட்டிலைப் பார் என்று அதிகாரிகள் மற்றவர்களுக்குச் சுட்டிக் காட்டினார்கள். சுத்தம் சோறு போடும் என்பார்கள். பதினொரு வருடம் போட்டது.

அண்ணாச்சியின் சரக்கில் மாதிரி எடுத்த அன்று மழை. வெளியே கவிழ்த்துவைக்க இடமில்லை. அதிகாரி வந்துவிட்டார் என்று போன் வந்ததும், காய்ந்ததா என்று பார்க்காமல் மூடியைத் திருகிக்கொண்டு ஓடினான்.

அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். ஒரு சதவீதத்துக்கு அரை ஸ்பூன் போதும்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்ம சரக்குல ஒரு சொட்டு கலப்படம் கிடையாது மேடம். அன்னைக்கு ரெண்டு பாட்டில்லா எடுத்தாங்க? ஒண்ணு உங்ககிட்டதான இருக்கு. அதைச் சோதிச்சுப் பாருங்க. அதுலயும் வந்தா நான் வாயத் திறக்க மாட்டேன்.”

“கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அதுல வர்றதுதான் முடிவு. அப்புறம் பேச்சு கிடையாது. சம்மதம்னு எழுதிக் குடுக்கிறீங்களா?”

“குடுக்கேன்.”

அதிகாரி அம்மா அலமாரியைத் திறந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து வைத்தார். கழுத்தில் நூல், அரக்கு முத்திரை. சீட்டில் மூன்று கையெழுத்து. ஒன்று அவனுடையது.

பாட்டிலில் ஒரு தூசி இல்லை.

அண்ணாச்சி அவன் தொடையில் தட்டினார். “ஏன் தம்பி முகம் இப்படி வாடிப்போச்சு? நம்ம மேல தப்பு இல்லேல்லா. பயப்படாதீங்க.”

அவனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான்.

சும்மா இருந்தால் போதும். இரண்டாவது அறிக்கையும் இதையேதான் சொல்லும். அண்ணாச்சி கொரியாக்காரனைத் திட்டுவார். கொரியாக்காரன் கப்பல்காரனைத் திட்டுவான். இவன் பக்கம் ஒருவரும் திரும்பமாட்டார்கள்.

சொன்னால் சுங்க அலுவலகத்துக்குள் நுழையும் பாஸ் போகும். மாதிரியில் கை வைத்தவன் என்று பெயர் வந்தால் துறைமுகத்தில் எந்த ஏஜெண்டும் வாசலில்கூட நிற்கவிடமாட்டார். வீட்டில் நான்கு பேர் அந்தப் பாஸில்தான் சாப்பிடுகிறார்கள்.

அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். முதலில் தேதி எழுதினார்.

“அண்ணாச்சி, எழுதாதீங்க.”

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

“மேடம், அந்தப் பாட்டிலையும் நான் கழுவியிருக்கேன். ரெண்டையும். அசிட்டோன்ல.”

அண்ணாச்சிக்கு உடனே விளங்கவில்லை. அதிகாரி அம்மாவுக்கு விளங்கியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“பீப்பாயைத் திறந்து மறுபடி மாதிரி எடுக்கணும்னா நான் காரணம் காட்டணும். இப்ப சொன்னதை நீங்க எழுதித் தரணும். தந்தா இன்னைக்கே பாஸை வாங்கிருவாங்க. தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

இப்போது அண்ணாச்சிக்கும் விளங்கிவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. தேதி மட்டும் எழுதிய தாளை அவன் பக்கம் தள்ளினார். மேலே பேனாவையும் வைத்தார்.

அவன் குனிந்து எழுத ஆரம்பித்தான்.

அண்ணாச்சி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவனைப் பார்க்காமல் அதிகாரி அம்மாவிடம் சொன்னார்.

“பாட்டில் நான் வாங்கிட்டு வாரேன்.”