கேள்வி நேரம்

"உங்க பொண்ணுக்கு டிகிரி வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

கல்லூரி முதல்வர் கேட்டது தகப்பனிடம். பதில் வந்ததோ மகளிடமிருந்து.

"டிகிரி படிக்கிறது நான்தான் சார். என்கிட்டயே கேளுங்க."

தகப்பன் தண்ணீர் லாரி ஓட்டுபவர். போன் வந்ததும் லோடோடு அப்படியே வந்து சேர்ந்திருந்தார். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. அந்த அறையில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே, பூட்டிய அரங்கத்தின் கதவுக்கு முன்னால் மாணவர்கள் உட்கார்ந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "கதவைத் திற! கதவைத் திற!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகளின் கால் தானாகவே அந்தத் தாளத்துக்கு ஆடியது. இறுதியாண்டு மாணவி, விவாத மன்றச் செயலாளர். தொண்டையைத் திறந்தால் மொட்டைமாடிவரை கேட்கும் என்பதால் கல்லூரியில் அவளுக்குப் பெயர் சைரன்.

"என்ன பாப்பா பண்ணே?" என்றார் தகப்பன், மெதுவாக.

"ஒருத்தரைப் பேசக் கூப்பிட்டோம்பா. பெரிய பேச்சாளர். கல்வியைப் பத்திப் புத்தகமா எழுதித் தள்ளியிருக்கார். போன மாசம் சரின்னு சொன்னவங்க, இன்னைக்குக் காலைல கூட்டமே கிடையாதுன்னு ஹாலைப் பூட்டிட்டாங்க."

"ஏன் பூட்டினேன்னும் சொல்லு!" முதல்வர் மேசையைத் தட்டினார். "கடைசியா அவர் பேசின காலேஜ்ல நாற்காலி பறந்துச்சு. இங்க வந்து வாயைத் திறந்தா காலேஜே ரெண்டாகும்."

"இப்ப மட்டும் ஒண்ணாவா சார் இருக்கு?"

"உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன். அந்தாளு பேச்சைக் கேட்டு உனக்கு என்ன ஆகப்போகுது?"

"கேட்டுட்டு நானே சொல்றேன். என் காதை நீங்க பொத்தாதீங்க."

முதல்வர் தகப்பன் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா வாயை? வெளிய உக்காந்திருக்கற பசங்களை எழுந்து போகச் சொல்லி இவகிட்ட சொல்லுங்க. இல்லைன்னா பரீட்சை எழுத விட மாட்டேன். உங்க வம்சத்துலயே முதல் டிகிரியாமே? யோசிச்சுக்குங்க."

தகப்பன் மகளைப் பார்த்தார். அவள் கண் சிவந்திருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

"ஐயா, வீட்டுல இவ கேக்குற கேள்விக்கே என்னால பதில் சொல்லி மாளல. கேக்காதேன்னு நான் எப்படிச் சொல்றது? சொன்னா, ஏன்னு கேப்பா."

அதற்குள் காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "சார்! பேச்சாளர் வந்துட்டாரு. காரு உள்ள வர முடியல. கேட்டுக்குக் குறுக்கால எவனோ தண்ணி லாரியைப் போட்டுட்டுப் போயிட்டான்!"

"எவனோ இல்லைங்க, நான்தான். அவசரத்துல அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன்," என்றார் தகப்பன்.

"டிவிக்காரங்க வேற வந்துட்டாங்க சார். ஹாலை ஏன் பூட்டினீங்கன்னு மைக்கை நீட்டறாங்க."

முதல்வரின் முகம் வெளுத்தது. பேச்சாளரைத் தன் அறைக்குக் கூட்டிவந்து, காபி கொடுத்து, சத்தமில்லாமல் வழியனுப்பிவிடலாம் என்பதுதான் அவர் போட்டிருந்த கணக்கு.

"லாரியை எடுய்யா முதல்ல!" இதுவரை கொடுத்த மரியாதையும் போனது.

தகப்பன் சாவியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க ஹாலைத் திறங்க சார். நான் வழியைத் திறக்கறேன்."

மகள் வாயைப் பிளந்தாள். அப்பாவா இது! வீட்டில் டிவி சேனலைக்கூட அம்மாவைக் கேட்டு மாற்றுகிற மனுஷன்!

வாசலில் ஹாரன்கள் அலறின. மேசைத் தொலைபேசியும் முதல்வரின் செல்போனும் ஒன்றாக அடித்தன. அவர் இரண்டையும் எடுக்கவில்லை.

"சரி, தொலையட்டும். வந்து பேசிட்டுப் போகட்டும். ஆனா கேள்வி நேரம் கிடையாது. அவர் பேசுவார், நீங்க கைதட்டுவீங்க, கலைஞ்சு போவீங்க."

"முடியாது சார்!" சைரன் ஒலித்தது. வெளியே தரையைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திக் கேட்டார்கள். "பேச அவருக்கு உரிமை இருக்குன்னா, கேக்க எங்களுக்கும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தாதான் கூட்டம். கேள்வி நேரம் இல்லைன்னா ஒருத்தரும் நகர மாட்டோம்."

"நாற்காலி பறந்தா?"

"ஒண்ணு பறந்தாலும், டிகிரி வாங்காமலே நான் வீட்டுக்குப் போறேன்."

தகப்பன் திடுக்கிட்டார். ஆனாலும் லாரிச் சாவியை விடவில்லை.

"கேட்டுத் தொலைங்க!" முதல்வரின் மேசை இழுப்பறையிலிருந்து அரங்கத்தின் சாவி வெளியே வந்து மேசைமேல் விழுந்தது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வராந்தாவில் நின்று தலைக்குமேல் ஆட்டிக் காட்டினாள். கட்டடமே கத்தியது. யாரோ சாவியை வாங்கிக்கொண்டு அரங்கத்துக்குப் பறந்தார்கள்.

தகப்பனும் மகளும் வாசலுக்கு விரைந்தார்கள். லாரிக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் பாப்பா, இந்த ஆளுக்காக டிகிரியையே பணயம் வெச்சுட்டியே. அவரை அவ்வளவு புடிக்குமா உனக்கு?"

"புடிக்குமாவா? டிரைவர் வீட்டுலேர்ந்தும் கொத்தனார் வீட்டுலேர்ந்தும் வர்றதுங்களைச் சேர்த்துத்தான் காலேஜ் எல்லாம் நாறிப்போச்சுன்னு புத்தகம் எழுதினவருப்பா. முதல் கேள்வி என்னோடது!"

லாரிப் படியில் கால் வைத்த தகப்பன், காருக்குள் இருந்தவரை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"வண்டியை ஓரமா விட்டுட்டு ஓடி வர்றேன். ரெண்டாவது கேள்வி எனக்கு வை."