வல்லூறின் பிரேக்

"இதோட முப்பத்தொண்ணு. இந்தத் தடவையும் ரெண்டு பேரும் காலி," என்றாள் அவள், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு.

பதற வேண்டாம், செத்தவர்கள் கம்ப்யூட்டர் பொம்மைகள். ஊர் முழுக்க இஷ்டம்போல் வண்டி ஓட்டித் திரியும் ஒரு வீடியோ கேமின் ஐந்தாம் பாகத்துக்கு அவள் டெஸ்டர். அதில் வரும் 'வல்லூறு' என்ற காரை, மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கையும் காலடியில் இருந்த பெடல்களையும் வைத்து ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வதுதான் வேலை.

"ஏரிக்கரை வளைவுல, மழையில, எதிர்ல லாரி வந்தா நிக்கவே மாட்டேங்குது. இதுக்குப் பேரு பிரேக்கா?"

வல்லூறு எப்படி ஓட வேண்டும் என்று புரோகிராம் எழுதியவனுக்கு முகம் சுருங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் ஆபீஸ் முழுக்க அவன் பெயரே 'கண்ணாடி'தான்.

"நாலு பாகத்துலயும் வல்லூறுன்னாலே பிரேக்குக்குத்தான் பேரு, அக்கா. ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். மத்த ரோட்டுல எல்லாம் நிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அங்க மட்டும் என்ன வந்துச்சு? இஞ்சின் வேற அந்த இடத்துல அலறுற அலறல்ல பக்கத்து ரூம்ல காதைப் பொத்திக்கறாங்க."

"அது உன் பாடு."

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா என்னைத் தூக்கிடுவேன்னுட்டார் மேனேஜர். என் பொழப்புல மண்ணைப் போடாதீங்கக்கா."

அவளுக்கு இரக்கமே வரவில்லை. பிரேக் சரியில்லாத வண்டியை ரோட்டுக்கு அனுப்புகிறவன் அனுபவிக்கட்டும் என்றுதான் தோன்றியது.

இரண்டு வருஷத்துக்கு முன் அச்சு அசல் இதே மாதிரி ஒரு வளைவு, மழை, லாரி. ஓட்டியவள் அவள். பக்கத்து சீட்டில் இருந்த கணவன் வீடு திரும்பவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவள் கதறியதை எல்லோரும் நம்பினார்கள். சோதித்துப் பார்க்க வண்டியில் எதுவும் மிஞ்சவில்லை.

முந்தின நாள்தான் அந்த பிரேக்கை மாற்றியிருந்தான் மெக்கானிக். அவன் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அவன் ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. "மாப்பிள்ளைக்கு என் கையே எமனாயிடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு பட்டறையைப் பூட்டியவன்தான், இப்போது ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறான். வாரம் தவறாமல் போன் செய்வான். பாவி முகத்தில் முழிக்கவே கூடாது என்று அவள் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

"கடைசியா ஒரே ஒரு தடவை, என் கண்ணு முன்னாடி ஓட்டுங்கக்கா," என்று கெஞ்சினான் கண்ணாடி.

ஓட்டினாள். திரையில் மழை கொட்டியது. வளைவு வந்தது, லாரி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வல்லூறு அலறிக்கொண்டே போய் மோதியது.

"பார்த்தியா? மிதிச்ச மிதியில காலே வலிக்குது. எங்கடா நின்னுச்சு?"

திரும்பினாள். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. மேசைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா... நீங்க மிதிச்சுட்டு இருக்கறது ஆக்சிலேட்டர்."

குனிந்து பார்த்தாள். கால் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை, முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அம்மாடி... நீயா? நல்லா இருக்கியாம்மா?"

"அண்ணா, அன்னிக்கு நான் பிரேக்கை மிதிக்கவே இல்லண்ணா."