ஒரு கைப்பிடி பன்னீர் ரோஜா

கொதித்துக்கொண்டிருந்த டீயைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டாள் சந்திரம்மா.

ஸ்வர்ணலதாவுக்கு மூஞ்சி செத்துப்போய்விட்டது. நகரிப் பக்கம் நாத்தனார் வீடு, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று திருப்பதியிலிருந்து ஆசையாக வந்தவள். அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? வாசலில் பன்னீர் ரோஜா குவிந்து கிடந்தது. ஒரு கைப்பிடி அள்ளி டீயில் போட்டாள். அவள் வீட்டில் இது தினப்படிப் பழக்கம். செம்பருத்தியோ சங்குப்பூவோ, கையில் கிடைத்ததைக் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவைப்பாள். அளவெல்லாம் கிடையாது.

"பூவு தானே அண்ணி" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"சாமிக்குப் போற பூவு. அதுல கைய வைக்காத" என்றாள் சந்திரம்மா, வாசலுக்கும் கேட்கிற மாதிரி.

வாசலில் அவள் புருஷன் கோவர்த்தனன் பூவை எடை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற திருப்பதி மார்க்கெட் வியாபாரி வெங்கட், பக்தி என்றால் இப்படி இருக்கணும் என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டான்.

அவ்வளவுதான், லதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூட்டை மூட்டையாக விற்கிறவர்களுக்கு ஒரு கைப்பிடி கொடுக்க மனசு வரவில்லை, அதற்குச் சாமி பேரில் ஒரு சாக்கு! உள்ளே போய்த் துணிமணியைப் பையில் திணித்தாள். புருஷன் சுதீருக்கு போன் போட்டு, உங்க அக்கா வீட்டு வாசப்படியை இனி செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவன் என்னென்னவோ சமாதானம் சொன்னான். இவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வெங்கட்டின் ஆட்டோ தெருமுனை தாண்டியதும் சந்திரம்மா அவசரமாக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். லதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீயை வாயில வச்சியா? நெஜத்த சொல்லு."

"இல்ல அண்ணி."

அப்பாடா என்று கட்டிலில் உட்கார்ந்தாள் சந்திரம்மா.

"நேத்து சாயங்காலம்தான் எங்க ஊட்டுக்காரு பூவுக்கு மருந்து அடிச்சாரு. மருந்தே அடிக்கலன்னு சொல்லித்தான் அவனுக்கு எடை போட்டுக்கினு இருந்தாரு. அவன் எதுர்ல நான் இன்னாத்த சொல்றது?" என்றவள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சாமி கழுத்துல போட்டுக்கினு நிக்கும். நீ வயித்துல போட்டுக்குவியே லதா."