எடுத்த முடிவு

"ஒரு வம்சம் தழைக்கறதும் தழைக்காததும் ஒரே ஒரு மனுஷன் எடுக்கற முடிவுலதான் இருக்கு!"

கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இதைக் கேட்டு அசந்துபோக, பேசியவரின் மனைவியை விட்டால், இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர், ஆண் நாய்க்குச் சொந்தக்காரரான கண்ணாடிக் கடைக்காரர். இன்னொன்று, கூடைக்குள் இருந்த பூனை. பூனை அசரவில்லை. வம்சத்தைத் தழைக்க வைக்க வேண்டிய பெண் நாய் இளவரசியோ, பெஞ்சுக்கு அடியில் யாரோ போட்டுவிட்டுப் போன பிஸ்கட் உறையை நக்கிக்கொண்டிருந்தாள்.

பேசியவரை அலுவலகத்தில் 'முடிவு சார்' என்பார்கள். முடிவெடுப்பதில் அவ்வளவு வேகம். எதைப் பற்றி என்று தெரிவதற்கு முன்பே எடுத்துவிடுவார்.

"நம்ம மாப்பிள்ளையும் தங்கமானவன் சம்பந்தி," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "ரெண்டு நாள் ஒரே ரூமுல விட்டோமே, உங்க பொண்ணு காதைக் கடிச்சு வெச்சப்பகூட அவன் ஒரு வார்த்தை பேசலை."

"அது வெக்கம். உசந்த பொறப்பு அப்படித்தான் இருக்கும்."

"முதல் குட்டி எனக்கு. மறந்துடாதீங்க."

"முதல் குட்டி எங்க கம்பெனி டைரக்டர் வீட்டுக்கு. அவரோட சம்சாரம் அதுக்குப் பேரே வெச்சாச்சு. உங்களுக்கு அடுத்தது."

டைரக்டருக்குக் குட்டி, முடிவு சாருக்குப் பதவி உயர்வு. இப்போதைக்கு இரண்டுமே இளவரசியின் வயிற்றுக்குள்தான் இருந்தன.

மனைவி குனிந்த தலை நிமிராமல் இளவரசியின் கழுத்தைச் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டம்மாவுக்குப் பயமோ?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"போன தடவைதான் பயந்துட்டா. இளவரசிக்கு அப்ப ஒரு வயசுகூட ஆகலை. குட்டி வெளியே வரலை. தாயே பிழைக்காதுன்னு ஒரே அழுகை. நான் மீட்டிங்ல இருந்தேன். டாக்டரம்மா போன்ல என்னமோ இழுத்துட்டே போனாங்க. கடைசில 'எடுத்துடலாமா சார்?'னாங்க. நான் யோசிக்கவே இல்லை! 'எல்லாத்தையும் எடுத்துடுங்க'ன்னேன், வெச்சுட்டேன். ஆபரேஷன் ஆச்சு, ரெண்டு குட்டி பிழைச்சுது. அதுக்குப் பேர்தான் முடிவு!"

அந்த இரண்டில் ஒன்று அவருடைய மச்சினன் வீட்டில் இன்றும் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ராஜநடை.

ஆபரேஷன் நடந்த அன்று அவர் வீடு திரும்பியதும், "என்னங்க, டாக்டரம்மா என்ன செஞ்சாங்கன்னா..." என்று மனைவி தொடங்கினாள். அவர் கையை உயர்த்தினார்.

"டீடெயில் எல்லாம் வேண்டாம். ரிசல்ட்டைச் சொல்லு."

"பிழைச்சுட்டா," என்றாள் மனைவி. அத்தோடு சரி.

இந்தத் தடவை மாப்பிள்ளையை அழைத்துவந்தபோதும், "இது எதுக்குங்க, இவளுக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள். "முடிவெடுத்தாச்சு," என்றார். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டுப்பாடு வந்துவிட்டது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

உள்ளே கூப்பிட்டார்கள். இளவரசியை மேஜைமேல் ஏற்ற மூன்று பேரும் முக்க வேண்டியிருந்தது.

"என்ன சார், இவ்வளவு வெயிட்டா இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

"முட்டை, பால், வெண்ணெய் எல்லாம் தாராளமா நடக்குது. வாக்கிங்கை அடியோட நிறுத்திட்டேன். மாசமா இருக்கறவளை நடக்க விடலாமா?"

"சேர்க்கும்போது ஹீட்ல இருந்தாளா?"

"பின்னே? சரியான வெயில் காலம். ஃபேனுக்கு அடியிலயும் நாக்கைத் தொங்கப்போட்டுட்டுத்தான் கிடந்தா."

"எங்க பையனுக்கும் அன்னிக்குச் சரியான ஹீட்," என்று ஒத்து ஊதினார் கண்ணாடிக் கடைக்காரர்.

இணை சேரும் பருவத்தைப் பற்றிக் கேட்ட டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இளவரசியின் வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியை நகர்த்தத் தொடங்கினார்.

டைரக்டரிடமிருந்து போன் வந்தது. முடிவு சார் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று பேசினார். "ஸ்கேன் நடக்குது சார். எத்தனைன்னு இப்பத் தெரிஞ்சுடும். லைன்லயே இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். டாக்டர் வாயாலயே கேளுங்க சார்."

டாக்டரம்மாவின் கை ஒரே இடத்தில் நின்றது. பசையைத் துடைத்து, முடியை விலக்கிப் பார்த்தார்.

"இது நான் போட்ட தையலாச்சே! மீட்டிங்ல இருந்து பேசினவர் நீங்கதானா சார்?"

"நானேதான்!" நெஞ்சை நிமிர்த்தினார் முடிவு சார்.

"உங்களை மறக்கவே முடியாது. குட்டியோட சேர்த்துக் கர்ப்பப்பையையும் எடுத்துடலாமான்னு கேட்டா, எத்தனையோ பேர் யோசிப்பாங்க. நீங்க பட்டுனு சரின்னுட்டீங்க. அதனாலதான் இவ இன்னிக்கு உயிரோட இருக்கா."

கண்ணாடிக் கடைக்காரர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். முடிவு சார் மனைவியைப் பார்த்தார்.

"நீங்க ரிசல்ட்டைத்தானே கேட்டீங்க," என்றாள் அவள், இளவரசியின் கழுத்தைச் சொறிந்தபடி.

"அப்ப... வயித்துல இருக்கறது?"

"கொழுப்பு சார். வெறும் கொழுப்பு."

ஸ்பீக்கரில் இருந்த டைரக்டர் போனை வைத்துவிட்டார்.